கல் அறுத்த கைக்குக் கரணை ஏன் எட்டவில்லை?

(பொதட்டூர்பேட்டையில் இளைஞர்கள் கூடிய வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமின்மையால் பேச்சில் விடுபட்ட சில விவரங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



‘பழங்குடியினரும் வேலைவாய்ப்பும்’ என்ற தலைப்பில் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். அது பெரிய தலைப்பு. நான் அதை ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொள்கிறேன். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செங்கல் அறுக்கின்றன. சென்னையில் எழும்பும் கட்டடங்களுக்கு இங்கிருந்துதான் லாரி லாரியாகக் கல் போகிறது. அந்தக் கல்லை எடுத்து, கலவை போட்டு, நூல் பிடித்துச் சுவர் கட்டுகிற கொத்தனார்களில் இருளர் எத்தனை பேரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்? திருத்தணி, பள்ளிப்பட்டு, சோளிங்கர் பக்கம் எங்கேயாவது ஓர் இருளர் மேஸ்திரி வீடு ஒப்பந்தம் எடுத்துக் கட்டியதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

கேட்டவுடன் கொஞ்சம் அமைதியாகிவிட்டீர்கள். களப்பணிக்குப் போன இடங்களில் எல்லாம் இதே அமைதிதான் கிடைத்தது. இந்த இல்லாமை எப்படி உண்டாயிற்று, அதை மாற்ற எங்கே கை வைக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் பேசப்போவது.

முதலில் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கட்டுமானத் தொழிலில் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நான் இருளர் இல்லை, பட்டியல் சாதிப் பெண். என் அம்மா இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் சித்தாள் வேலை பார்த்தவர். எத்தனையோ கொத்தனார்கள் அவர் கண்ணெதிரே சின்னப் பையன்களாக வந்து, வேலை கற்று, மேஸ்திரி ஆனார்கள். அம்மா கடைசி நாள் வரை சித்தாள்தான். அதனால் ‘இந்த வேலையில் யார் மேலே ஏறுகிறார்கள்’ என்ற கேள்வி எனக்குப் புத்தகத்தில் கிடைத்த கேள்வி இல்லை.

சரி, இருளருக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பழங்குடியினர் 7 லட்சத்து 94 ஆயிரம் பேர். மொத்த மக்களில் 1.1 விழுக்காடு. இதில் ஏறத்தாழ 1 லட்சத்து 89 ஆயிரம் பேர் இருளர். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய ஆறு சமூகங்களை ஒன்றிய அரசு ‘மிகவும் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகள்’ என்று தனியாக வகைப்படுத்தியிருக்கிறது. பழங்குடி என்றாலே நமக்கு நீலகிரியும் கொல்லிமலையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இருளரில் பெரும்பகுதி திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம் என்று சமவெளியில் ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நம் ஊர்களில் இருந்து நடந்தே போய்விடலாம், ஆனால் நாம் போவதில்லை.

1882இன் சென்னை வனச் சட்டம் காட்டை அரசின் சொத்தாக்கியபோது, தேனும் கிழங்கும் மூலிகையும் எடுத்து வாழ்ந்தவர்கள் தங்கள் இடத்திலேயே திருடர் ஆனார்கள். பிறகு பாம்புத் தோல் வியாபாரம் வந்தது. 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு அதுவும் முடிந்தது. காட்டையும் இழந்து, நிலமும் இல்லாதவர்கள் போன இடங்கள் மூன்று: அரிசி ஆலை, மரம் வெட்டும் களம், செங்கல் சூளை. மூன்றிலும் வேலைக்குச் சேரும் முறை ஒன்றுதான். முதலில் முன்பணம், பிறகு உழைப்பு.

முன்பணம் எப்படி வேலை செய்கிறது என்று பலருக்குத் தெரிந்திருக்கும். சாவுக்கு, பிரசவத்துக்கு, காய்ச்சலுக்கு என்று ஐயாயிரமோ பத்தாயிரமோ வாங்குவார்கள். குடும்பத்தோடு சூளைக்குள் போய்விட வேண்டும். ஆண் மண் வெட்டி மிதிப்பார், பெண் அச்சில் கல் அறுப்பார், பிள்ளை பச்சைக் கல்லைத் திருப்பிப் போடும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. கூலி தனித்தனி ஆளுக்கு இல்லை, குடும்பத்தின் பெயரில் ஆணின் கையில்தான். அந்தக் கணக்கு நோட்டு முதலாளியிடம் இருக்கும். மழை வந்து கல் கரைந்தால் நட்டம் அறுத்தவருக்கு. பருவம் முடியும்போது கடன் தீர்ந்திருக்காது. அடுத்த பருவத்துக்கும் அதே சூளை.

1976இலேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டப்படி கடன் தானாகவே ரத்து. ஆனால் 2019இல்கூட, காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் களங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டபோது, ஒரு பெரியவர் அதிகாரியின் காலில் விழுந்த படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். கோபப்பட்டோம், பகிர்ந்தோம். மீட்புக்கு அடுத்த நாள் அவர்கள் என்ன வேலைக்குப் போனார்கள் என்று நம்மில் யார் கேட்டோம்?

மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவித் தொகை உண்டு. முதலில் 20 ஆயிரம், பிறகு 30 ஆயிரம் ரூபாயாக உயர்த்தினார்கள். 2016இன் ஒன்றிய அரசுத் திட்டப்படி ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு உள்ளானவருக்கு 3 லட்சம் வரை மறுவாழ்வுத் தொகை இருக்கிறது. ஆனால் முழுத் தொகையும் வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதுவரை சாப்பிட வேண்டுமே? தெரிந்த வேலை கல் அறுப்பது. அந்த வேலை இருக்கும் இடம் சூளை. சூளையில் சேர முன்பணம். மீட்கப்பட்ட குடும்பங்கள் திரும்பப் போவதைச் சிலர் ‘அவங்களுக்கு அதுதான் பழக்கம்’ என்று சொல்கிறார்கள். பழக்கம் ஒன்றும் இல்லை. வெளியே வருவதற்குக் கதவைத் திறந்துவிட்டு, கால் வைக்க அடுத்த படியைப் போடாமல் விட்டிருக்கிறோம்.

அந்தப் படி கட்டுமானத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் என் வாதம்.

ஓர் இருளர் பாட்டியிடம் ‘உங்களுக்கு என்ன வேலை தெரியும்’ என்று கேட்டேன். ‘எங்களுக்கு இன்னா தெரியும் பாப்பா, கல்லு அறுப்போம், அவ்ளோதான்’ என்றார். பிறகு அரை நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். களிமண் அதிகமானால் கல் வெடிக்கும், மணல் அதிகமானால் உதிரும் என்று கைப்பிடி மண்ணை உருட்டிப் பார்த்தே சொல்கிறார். எவ்வளவு தண்ணீர், எத்தனை நேரம் ஊற வேண்டும், எந்த வெயிலில் கல்லை நிமிர்த்தி வைக்க வேண்டும், எந்தக் காற்றுக்கு மூட வேண்டும், எல்லாம் கணக்கு இருக்கிறது. சூளையில் கல் அடுக்குகிறவருக்கு நெருப்பு எந்த வழியாக ஓடும் என்று தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாதி கல் வேகாது, பாதி கருகும். இதையே ஒரு கல்லூரியில் பாடமாக வைத்தால் மண் பரிசோதனை, உலர்த்தல், வெப்பப் பரவல் என்று மூன்று தாள் வரும். ஆனால் வேலைப் பட்டியலில் இவருக்குப் பெயர் ‘திறன் இல்லாத தொழிலாளி’.

இந்த ‘திறன் இல்லாத’ என்ற சொல்லை நாம் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். சாதி வேலையை மட்டும் பங்கு போடவில்லை, வேலை செய்கிறவர்களையே ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்குகிறது என்பதைப் பாபாசாகேப் 1936லேயே விளக்கிவிட்டார். அந்த அடுக்கு இன்று கூலிச் சீட்டில் திறனுள்ளவர், பாதித் திறனுள்ளவர், திறனற்றவர் என்று மூன்று பெயரில் வருகிறது. ஒருவருக்கு என்ன தெரியும் என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. யார் செய்கிறார் என்பதை வைத்தே வேலைக்குப் பெயர் விழுகிறது.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. ஒரு திறமையை மறுக்க முடியாதபோது அதைப் ‘பிறவியிலேயே வந்தது’ என்று சொல்லிவிடுவார்கள். பாம்பு பிடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. வடநெம்மேலியில் நஞ்சு எடுத்து, விஷமுறிவு மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். 2023இல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நல்ல முன்மாதிரிதான். உரிமம், கூட்டுறவு, விலை மூன்றும் சேர்ந்தபோது திருட்டு என்று சொல்லப்பட்ட வேலை தொழிலாக மாறியது. ஆனால் அதை வைத்து ‘இருளர் என்றால் பாம்பு’ என்று முடித்துவிடுகிறோம். இருளர் பையன் ஏன் வெல்டராக, எலக்ட்ரீஷியனாக, கொத்தனாராகக் கூடாது?

கனடாவில் கானவாகே என்ற இடத்தின் மொஹாக் பழங்குடியினர் கதை இங்கே உதவும். 1886இல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே ரயில் பாலம் கட்ட அவர்கள் நிலம் தேவைப்பட்டது. நிலத்துக்குப் பதிலாக வேலை தருவதாகப் பேச்சு. முதலில் மூட்டை இறக்கும் வேலைதான் கொடுத்தார்கள். பிறகு இளைஞர்கள் சிலருக்கு ரிவெட் அடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1907 ஆகஸ்ட் 29 அன்று கியூபெக் பாலம் கட்டும்போதே சரிந்து 75 பேர் இறந்தனர். அதில் 33 பேர் கானவாகே ஆண்கள். அதன் பிறகு அந்த ஊர்ப் பெண்கள், ஆண்கள் எல்லோரும் ஒரே பாலத்தில் வேலைக்குப் போகக் கூடாது என்று வற்புறுத்தினார்கள். அதனால் பல நகரங்களுக்குப் பரவினார்கள். நியூயார்க்கின் உயரமான கட்டடங்களை எழுப்பியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தொழிற்சங்கத்துக்குள்ளும் அவர்களுக்கு இடம் கிடைத்தது. பத்திரிகைகள் இவர்களைப் பற்றி என்ன எழுதின தெரியுமா? ‘இவர்களுக்கு உயரத்தைக் கண்டால் பயமே கிடையாது, ரத்தத்திலேயே வந்தது’ என்று. 33 பேரை ஒரே நாளில் பறிகொடுத்த ஊருக்குப் பயம் தெரியாதாம். உண்மையில் நடந்தது நமக்குப் பரிச்சயமான விஷயம்தான். ஒருவருக்கு வேலை கற்கும் இடம் கிடைத்தது, அவர் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கொத்தனார் வேலையும் இப்படித்தான் பரவுகிறது. யாரும் விண்ணப்பம் போட்டுக் கொத்தனார் ஆவதில்லை. மாமாவோ சித்தப்பாவோ மேஸ்திரியாக இருப்பார். பையன் எட்டாவதோ பத்தாவதோ முடித்துக் கையாளாகப் போவான். மதிய இடைவேளையில் கரணை எடுத்து இரண்டு வரி வைத்துப் பார்ப்பான். தூக்குக்குண்டு விட்டு மேஸ்திரி ‘வெளிய தள்ளியிருக்கு, பிரிச்சு வை’ என்பார். மறுநாளும் விடுவார். ஓராண்டு, இரண்டாண்டில் கட்டு வேலை வரும், பிறகு பூச்சு வேலை. அந்தப் பையன் கெடுத்த கலவைக்கும் வீணாக்கிய நேரத்துக்கும் விலை உண்டு. அதை மேஸ்திரி யாருக்காகப் பொறுத்துக்கொள்வார்? சொந்தக்காரப் பையனுக்காக, தெருக்காரப் பையனுக்காக. இதுதான் கட்டுமானத் தொழிலின் உண்மையான பயிற்சிக் கூடம். இதற்கு நுழைவுத் தேர்வு உறவுமுறை. உறவுமுறை என்றால் நம் நாட்டில் சாதி.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். நம் பகுதியில் இன்று மேஸ்திரிகளில் கணிசமான பேர் பட்டியல் சாதியினர். ஐம்பது ஆண்டுக்கு முன் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் கரணை பிடித்து எழுந்து நின்றார்கள். அது நம் பெருமை. ஆனால் அதே மேஸ்திரிகளின் தளங்களில் இருளர் என்ன செய்கிறார்கள்? கடைக்கால் தோண்டுகிறார்கள், மண் அள்ளுகிறார்கள், ராத்திரி காவல் இருக்கிறார்கள். ‘அவங்க நாலு நாள் வருவாங்க, அஞ்சாவது நாள் வர மாட்டாங்க சார்’ என்கிறார் மேஸ்திரி. இதே வாக்கியத்தை நாற்பது ஆண்டுக்கு முன் யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று நமக்குத் தெரியாதா? ஏணியில் நமக்குக் கீழே ஒரு படி இருப்பது நமக்கு வசதியாக இருக்கிறது. படிநிலைச் சமத்துவமின்மை என்பது இந்த வசதியால்தான் உயிர் வாழ்கிறது. சாதி ஒழிப்பு பேசுகிற நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நம் அண்ணனின் வேலைத் தளத்தில் கரணை யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

பெண்களுக்கு இது இரட்டைப் பூட்டு. சித்தாள் என்ற சொல்லே ‘சிறிய ஆள்’ என்றுதான் சொல்கிறது. சூளையில் கல் அறுப்பதில் பெண்ணின் கைதான் முக்கியம், ஆனால் கூலி குடும்பத்தின் பெயரில் ஆணுக்குப் போகிறது. கட்டடத் தளத்தில் கலவை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று சித்தாளுக்குக் கொத்தனாரைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் அவர் கையில் மணியாஸ் கட்டையைக் கொடுத்துப் பூசச் சொல்ல ஆள் இல்லை.

உறவுமுறை வழி மூடியிருந்தால் அரசு வழி திறந்திருக்க வேண்டும் அல்லவா? இருக்கிறது, காகிதத்தில். ஐ.டி.ஐ.யில் கொத்தனார் பயிற்சி ஓராண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்த 2011இல் பழங்குடியினரின் எழுத்தறிவு 54 விழுக்காடு. சூளைக்கும் ஊருக்கும் இடையே பள்ளியைத் தொலைத்த பையனுக்கு எட்டாம் வகுப்பே பெரிய சுவர். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994 முதல் இருக்கிறது. கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு தீர்வையாக அதற்கு வருகிறது. வாரியத்தில் பதிவு பெற்றவர்களுக்குத் தையூரிலும், காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி பயிற்சி மையத்திலும் பயிற்சி தருகிறார்கள். குறுகிய காலப் பயிற்சிக்கு நாளுக்கு 800 ரூபாய் என்று ஊதிய இழப்பையும் ஈடுகட்டுகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் முதல் நிபந்தனை வாரிய அட்டை. அட்டைக்கு ஆதார், வங்கிக் கணக்கு, முகவரி, கட்டட வேலை செய்கிறார் என்பதற்குச் சான்று. ஏரிப் புறம்போக்கில் இருப்பவருக்கு எந்த முகவரி?

பழங்குடிச் சான்றிதழுக்கு வந்தால், தமிழ்நாட்டில் 1989 முதல் அதைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். இங்கிருந்து திருத்தணிக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ஒரே நாளில் யாருக்கும் கிடைத்ததில்லை. அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள். அப்பா சூளையில் பிறந்து சூளையில் செத்தவர்.

எல்லையோர ஊர் என்பதால் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைப் போராட்டத்தின் வெற்றியாக அதைக் கொண்டாடுகிறோம். ஆனால் பழங்குடிப் பட்டியல் மாநிலவாரியானது. யானாதி சமூகம் ஆந்திரத்தின் பட்டியலில் இருக்கிறது, தமிழ்நாட்டின் பட்டியலில் இல்லை. நகரிக்கும் புத்தூருக்கும் வேலைக்குப் போய் வருகிற, அங்கே பெண் கொடுத்து எடுக்கிற குடும்பங்களுக்கு எல்லைக் கோடு நடுவீட்டில் விழுந்திருக்கிறது. கோட்டின் ஒரு பக்கம் பழங்குடி, மறுபக்கம் யாருமில்லை.

இப்போது இந்த நிலைமையில் புதிதாக ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பேச்சையே ஒப்புக்கொண்டேன்.

2023 நவம்பர் 15 அன்று ஒன்றிய அரசு ‘பி.எம்.ஜன்மன்’ என்ற திட்டத்தை அறிவித்தது. நான் சொன்ன ஆறு சமூகங்களுக்கும் அதில் வீடு உண்டு. வீட்டுக்கு ஒன்றிய அரசுக் கணக்கில் 2 லட்சம் ரூபாய். தமிழ்நாடு அரசு அதற்கு மேல் சேர்த்துத் தருகிறது. கூடவே 2024இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் குடிசைகளுக்குப் பதிலாக வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் செலவில் கான்கிரீட் வீடுகள். இருளர் குடியிருப்புகளில் இன்று கடைக்கால் தோண்டப்படுகிறது, கம்பி கட்டப்படுகிறது. அந்த வீடுகளை யார் கட்டுகிறார்கள்?

விதிப்படி, ஒன்றிய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் ஒப்பந்ததாரர் இருக்கக் கூடாது. பயனாளியே கட்ட வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? பயனாளிக்குத் தவணைப் பணம் வருவதற்கு முன் கையிருப்பு இல்லை. சிமெண்ட் கடையில் கடன் கொடுக்க மாட்டார்கள். அதனால் ‘நான் பார்த்துக்கிறேன், நீ கையெழுத்து மட்டும் போடு’ என்று ஒருவர் வருகிறார். வீட்டுக்கு உரியவர் தன் வீட்டுக்கே மண் சுமக்கிறார். தளம் ஒழுகினால் கேட்க ஆள் இல்லை.

இதே திட்டத்தின் விதிகளுக்குள் ‘ஊரகக் கொத்தனார் பயிற்சி’ என்று ஒன்று இருக்கிறது. 45 நாள். வகுப்பறை மட்டும் இல்லை, பயனாளியின் வீட்டைக் கட்டிக்கொண்டேதான் பயிற்சி. முடிவில் மதிப்பீடு, சான்றிதழ். நான் கேட்பது இவ்வளவுதான். இருளர் குடியிருப்பில் இருளருக்குக் கட்டப்படும் வீட்டில், இருளர் இளைஞர்களும் பெண்களும் இந்தப் பயிற்சியைப் பெற்றுக் கரணை பிடிக்கட்டும். முதல் வீட்டில் ஒரு கொத்தனாருக்குக் கீழே நான்கு பேர் கற்கட்டும். பத்தாவது வீட்டில் அந்த நால்வரே மேஸ்திரி. திட்டம் முடியும்போது குடியிருப்பில் வீடும் இருக்கும், வீடு கட்டத் தெரிந்த ஆளும் இருப்பார். இப்போது போகிற போக்கில் போனால் வீடு மட்டும் இருக்கும். மாதக் கடைசியில் முன்பணம் கேட்டு அந்த வீட்டிலிருந்தே சூளைக்குப் போவார்கள்.

இது நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2022 வாக்கில், ஆல்பி ஜான் வர்கீஸ் ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட குடும்பங்களே நடத்துகிற ‘சிறகு’ செங்கல் சூளையை மாவட்ட நிர்வாகம் தொடங்கிவைத்தது. அவர்கள் அறுத்த கல்லை அரசு வீட்டுத் திட்டங்களுக்கு வாங்கியது. அதே மண், அதே அச்சு, அதே கைகள். மாறியது கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது என்பது மட்டும். கல்லுக்கு முடிந்தது சுவருக்கு ஏன் முடியாது?

இன்னொரு உதாரணம் கேரளத்தில் வடகரைக்குப் பக்கத்தில். வாக்படானந்தரின் சாதி எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்ததற்காக ஒடுக்கப்பட்ட சாதித் தொழிலாளர்களுக்கு நிலவுடைமையாளர்கள் வேலை மறுத்தார்கள். வேலை மறுக்கப்பட்டவர்களில் பதினான்கு பேர், 1925இல், ஒரு ரூபாய்க்கும் குறைவான முதலோடு கூட்டுறவு ஒப்பந்தச் சங்கம் தொடங்கினார்கள். அதுதான் ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். நூறு ஆண்டு ஆகிவிட்டது. இன்று கேரளத்தின் பெரிய சாலைகளையும் பாலங்களையும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களோடு கட்டுகிறது. வேலை கொடுக்காதே என்று சாதி சொன்னபோது, வேலை கொடு என்று கெஞ்சாமல் ஒப்பந்தத்தையே கையில் எடுத்தவர்கள் அவர்கள். அரசும் தொடர்ந்து அவர்களுக்குப் பணி கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தத்தில் பங்கு என்பது புதிய கோரிக்கையும் இல்லை. வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த அம்பேத்கர், 1942 அக்டோபரில் கொடுத்த மனுவிலேயே பொதுப்பணி ஒப்பந்தங்களில் பட்டியல் சாதியினருக்குப் பங்கு வேண்டும் என்று கேட்டார். கர்நாடகம் பக்கத்து மாநிலம். அங்கே அரசுக் கட்டுமானப் பணிகளில் பட்டியல் சாதி ஒப்பந்தக்காரர்களுக்கு 17.15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடும் ஒதுக்கச் சட்டம் இருக்கிறது. முதலில் 50 லட்சம் ரூபாய் வரையிலான பணிகளுக்கு இருந்ததை 2023இல் 1 கோடி வரை உயர்த்தினார்கள். சமூக நீதியின் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்கிற நம் மாநிலத்தில் இப்படி ஒரு சட்டம் ஏன் இல்லை என்று கேட்க வேண்டாமா?

ஆஸ்திரேலியா 2015 ஜூலை முதல் அரசுக் கொள்முதலில் பழங்குடி நிறுவனங்களுக்கு இலக்கு வைத்தது. கட்டுமானம் போன்ற துறைகளில் 75 லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் எடுப்பவர், பழங்குடியினருக்கு இவ்வளவு வேலை அல்லது துணை ஒப்பந்தம் தர வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்தது. அங்கேயும் பெயருக்கு ஒரு பழங்குடியினரை முன்னால் நிறுத்திப் பின்னால் வேறு ஆள் பணம் பார்ப்பது நடக்கிறது. நமக்குப் பினாமி என்ற சொல் இருக்கிறது, விளக்க வேண்டியதில்லை. ஒதுக்கீடு மட்டும் போதாது என்பதற்கு அது சாட்சி. ஒதுக்கீட்டை எடுத்துச் செய்யத் திறன் பெற்ற ஆட்களும், கணக்கைப் பார்க்கும் சங்கமும் கூடவே வேண்டும்.

இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

‘ஏன் கொத்தனார்? பழங்குடிப் பிள்ளைகள் கலெக்டர் ஆகக் கூடாதா?’ என்று தோழர் ஒருவர் கேட்டார். ஆக வேண்டும், கட்டாயம் ஆக வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளை பள்ளியில் தொடர்ந்து இருப்பதற்கு அப்பா அம்மா ஊரில் தங்கியிருக்க வேண்டும். ஆண்டில் ஆறு மாதம் சூளைக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளைக்குப் பள்ளி ஏது? உள்ளூரிலேயே தினக்கூலியாக நல்ல சம்பளம் கிடைக்கிற தொழில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால்தான் பிள்ளை பத்தாவது எழுதும்.

இன்னொருவர், ‘வட இந்தியர்கள் வந்து நம் வேலையை எடுத்துக்கொண்டார்கள், அதுதான் காரணம்’ என்றார். இந்தப் பேச்சுக்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது. திருவள்ளூர் சூளைகளில் ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து வந்து அடைபட்டுக் கிடப்பவர்களில் பலர் ஆதிவாசிகளும் தலித்துகளும்தான். இருளரை முன்பணத்தில் கட்டுகிற அதே கயிறு அவர்களையும் கட்டுகிறது. அவர்களை விரட்டினால் இருளர் கையில் கரணை வந்துவிடாது.

கடைசியாக, நாம் செய்யக்கூடியவை. பள்ளிப்பட்டு ஒன்றியத்தில் எந்தெந்தக் குடியிருப்பில் இந்தத் திட்டங்களில் வீடு கட்டுகிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்தந்த வீட்டில் யார் கட்டுகிறார், பயனாளி கையில் தவணை வந்ததா என்று கேட்டு எழுதுங்கள். ஊரகக் கொத்தனார் பயிற்சியை அந்த வீடுகளிலேயே நடத்த வேண்டும் என்று ஒன்றிய அலுவலகத்திலும் ஆட்சியரின் மனுநீதி நாளிலும் மனு கொடுங்கள். தனியாகப் போகாமல் குடியிருப்பு மக்களோடு போங்கள், மனுவில் முதல் கையெழுத்து அவர்களுடையதாக இருக்கட்டும். நலவாரிய அட்டைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் குடியிருப்பிலேயே முகாம் போடச் சொல்லிக் கேளுங்கள். நலவாரியப் பயிற்சிக்கு எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று பார்க்காமல், கையில் இருக்கும் அனுபவத்தைச் சோதித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கோருங்கள். விழுப்புரம் பக்கம் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகளாகச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் பொய் வழக்குக்கும் போராடிவருகிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இந்த மனுக்கள் எல்லாம் நகர நாளாகும். மனு இல்லாமல் நாளைக் காலையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் மேஸ்திரி இருக்கிறார், சிலர் நீங்களே சென்டரிங், பெயின்டிங் வேலை பார்க்கிறீர்கள். உங்கள் தளத்தில் கடைக்கால் தோண்ட வருகிற இருளர் பையனிடம், அந்தப் பெண்ணிடம், மதியம் சாப்பிட்ட பிறகு கரணையைக் கொடுத்து ஒரு வரி வைக்கச் சொல்லுங்கள். கோணலாக இருந்தால் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். நம் அப்பாக்களுக்கு யாரோ ஒருவர் அப்படிச் சொன்னதால்தான் நாம் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.